தொடாக்காஞ்சியும் ஓய்வூதியப் புத்தகமும்

வேலூர் லாங் பஜாருக்குப் போகிறவர்களில் மணிக்கூண்டை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் பதித்துள்ள கல்வெட்டைப் படிப்பவர்கள் அதனினும் குறைவு. 1914-இல் மூண்ட பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும் அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்றும் ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லும் கல் அது. ஊர்ப்பெயரையும் எண்களையும் மட்டும் மாற்றி, இதே போன்ற வாசகத்தை ஆங்கில அரசு நம் நாட்டின் பல சிற்றூர்களில் பதித்து வைத்தது. நானும் பலமுறை அதைக் கடந்து போனவன்தான். ஒருமுறை மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் அந்தக் கழித்தல் கணக்கு மனத்தில் ஓடியது. 277-இல் 14 போனால் 263.

அந்த எண் கல்லில் இல்லை. போனவர்களுக்கு ஓர் எண் உண்டு, மாண்டவர்களுக்கு ஓர் எண் உண்டு, மீண்டவர்களுக்கு இல்லை. மெசபடோமியாவின் வெயிலையும் பிரான்சின் சேற்றையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அந்த 263 பேரும் பிறகு எந்தத் திண்ணையில், எந்த நோயில், யார் மடியில் உயிரை விட்டார்கள் என்பதை எந்தக் கல்லும் சொல்லாது. இது வெள்ளைக்காரனின் மறதி மட்டும் அன்று என்பதே நான் சொல்ல வருவது. களத்தில் விழுந்தவனுக்குக் கல் எடுக்கவும், கட்டிலில் கிடப்பவனை விட்டுப் பார்வையை விலக்கிக்கொள்ளவும் நாம் நெடுங்காலமாகப் பழகியவர்கள்.

புறநானூற்றின் 93-ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடையே ஒரு சலசலப்பு எழும். ஔவையார் அதியமானைப் பாடிய பாட்டு. நோய்வாய்ப்பட்டு இறந்துபோன அரசனின் உடலை அப்படியே அடக்கம் செய்யமாட்டார்கள். பசும்புல்லைப் பரப்பி அதன்மேல் கிடத்தி, போர்க்களத்தில் பட்ட மறவர் செல்லும் உலகுக்கு நீயும் செல்க என்று வாழ்த்தி, வாளால் பிளந்து பிறகே அடக்குவார்கள். அதியமானோடு பொருது மடிந்த சிற்றரசர்கள் இந்தச் சடங்கின் இழிவிலிருந்து தப்பினார்கள் என்பது பாட்டின் குறிப்பு. படுக்கையில் நேர்ந்த சாவு ஒரு குறை. அதைச் செத்த பிறகாவது ஒரு வாள்வெட்டினால் சரிசெய்தாக வேண்டும். இறந்து பிறந்த குழந்தையைக்கூட வெட்டிப் புதைத்த வழக்கத்தை 74-ஆம் பாட்டு சொல்கிறது. வீரயுகத்தின் பெருமிதம் என்று உரைநூல்களில் நாம் படித்துப் பரவசப்பட்டது இது. இதன் மறுபக்கத்தில் இருக்கும் வெட்கத்தைப் பற்றி எந்த உரைநூலும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

ஆனால் அதே தொகுப்பில் 281-ஆம் பாடலும் இருக்கிறது. அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு வந்து வீட்டில் கிடக்கிறான் கணவன். மனைவி தோழியை அழைக்கிறாள். இரவத் தழையையும் வேம்பையும் வீட்டில் செருகுவோம். யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கட்டும். கையை மெல்ல எடுத்து மை இழுகுவோம். வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்பி அவன் புண்ணைக் காப்போம், வா என்கிறாள். பேய் அண்டாமல் காக்கும் சடங்கு இது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். கொஞ்சம் நின்று பார்த்தால் இதில் என்னவெல்லாம் இருக்கின்றன! தூய்மை இருக்கிறது, நறுமணம் இருக்கிறது, இசை இருக்கிறது, மெல்லத் தொடும் கை இருக்கிறது. தனியாக முடியாது, துணைக்கு ஆள் வேண்டும் என்னும் அறிவும் இருக்கிறது. வலிதணிப்பு மருத்துவம் என்று இன்று சொல்கிறோமே, அதன் மருத்துவர்கள் மருந்துக்கு அடுத்தபடியாகச் சொல்பவையெல்லாம் ஏறக்குறைய இவைதாம்.

தொல்காப்பியம் இதைத் துறையாகவே வகுத்துவிட்டது. புண்பட்டவனை மனைவி அருகிருந்து பேய் நெருங்காமல் காப்பது தொடாக்காஞ்சி. காப்பாற்றச் சுற்றம் யாருமில்லாமல் கிடப்பவனைப் பேயே காத்து நிற்பது இன்னொரு துறை. இந்த இரண்டாவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். யாருமற்றவனுக்குப் பேயாவது துணை இருக்கட்டும் என்று நினைத்த ஓர் இலக்கண மரபு! காட்சி, கால்கோள் தொடங்கி வாழ்த்து வரையிலான நடுகல் துறைகள் ஆறையும் நம் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். 2006-இல் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தபோது நாமெல்லாரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். தொடாக்காஞ்சிக்குக் கல் இல்லாததால் அதை யாரும் தோண்டி எடுக்கவில்லை.

இவ்வளவும் எனக்கு வெறும் பாடமாக இல்லாமல் போனதற்குக் காரணம் என் பெரியப்பா. 1963-இல் படையில் சேர்ந்து, இரண்டு போர்களைப் பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இது ஒன்றும் அரிய செய்தியில்லை. வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போனார்கள் என்பதனாலேயே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உள்ள மாவட்டம் இது. 2011-இல் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பிறகு நான்கு மாதம் வீட்டிலேயே கிடந்தார். அவரிடம் மருத்துவத் திட்ட அட்டை இருந்தது. 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், குறையெல்லாம் சொன்னாலும், ஒரு நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் பெரியப்பா கையிலிருந்து ஒரு காசு செலவழிக்கவில்லை. திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வழிமுறை முழுவதும் நோயாளி எழுந்து போகக்கூடியவர் என்னும் எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று மருத்துவர் சொல்லும் நாளில் பரிந்துரைக் கடிதத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. அந்த நாளில்தான் உண்மையான தேவை தொடங்குகிறது. படுக்கைப்புண்ணை எப்படித் துடைப்பது, இரவில் வலி எழுந்தால் என்ன கொடுப்பது, மலம் போகாமல் தவிக்கும்போது என்ன செய்வது? பெரியம்மா ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடித்தார். வேப்பிலையை அவரும் கட்டிலில் செருகித்தான் வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முதுகலையில் தமிழிலக்கியம் படித்தவன், எனக்கு அப்போது 281-ஆம் பாட்டு நினைவுக்கு வரவில்லை. அவர் போன பிறகுதான் வந்தது.

அடக்கத்தின் அன்று ஒரு காட்சி. பக்கத்து ஊர்களிலிருந்து ஏழெட்டு முன்னாள் படைவீரர்கள் சைக்கிளிலும் பேருந்திலும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பைக்குள் தேசியக்கொடி வைத்திருந்தார். போர்த்தலாமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். கூடாது என்றவர் சொன்னதுதான் சட்டப்படி சரி. அரசு இறுதிச்சடங்குக்கும் படையினரின் இறுதிச்சடங்குக்குமே கொடி போர்த்தலாம். மற்றபடி எதன்மேலும் யார்மேலும் அதைப் போர்த்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியக்கொடியை அவமதிக்கும் குற்றம். இருபது ஆண்டு சீருடை அணிந்தவர், ஓய்வு பெற்று வீட்டில் செத்தால் எந்தக் கணக்கில் வருகிறார்? அந்த முற்றத்தில் நின்ற யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கொடி பைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. பதக்கங்களை மார்பில் வைத்தார்கள். மடித்துக் கட்டியிருந்த வேட்டிகளை அவிழ்த்துத் தழையவிட்டு, வரிசையில் நின்று, ஒருவர் குரல் கொடுக்க அத்தனை பேரும் சல்யூட் அடித்தார்கள். அதற்குமேல் எந்த மரியாதையும் பெரியப்பாவுக்குத் தேவைப்பட்டிருக்காது என்றே தோன்றுகிறது. (எந்தச் சுடுகாட்டுக்கு, எந்தத் தெரு வழியாகப் போவது என்பதைச் சீருடையா தீர்மானிக்கிறது, ஊர்தானே தீர்மானிக்கிறது! அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.)

மரியாதை என்று வரும்போது பீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவின் சாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1971 போரின் தளபதி, 2008 ஜூன் 27-ஆம் நாள் நம் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் 94-ஆம் வயதில் காலமானார். உதகையில் பார்சி இடுகாட்டில், மனைவியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. இணையமைச்சர் ஒருவர் வந்தார். அப்போது பத்திரிகைகளில் பெரும் கண்டனம் எழுந்தது. அவர் அதே மனிதராக 1971 டிசம்பரில் களத்தில் இறந்திருந்தால் நாடே தெருவுக்கு வந்திருக்கும். களத்தில் இறப்பவருக்குக்கூட எப்போதும் இந்த மரியாதை கிடைத்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1999 கார்கில் போருக்கு முன்புவரை போர்முனையில் விழுந்தவர்களைப் பெரும்பாலும் அங்கேயே எரித்துவிட்டார்கள். ஊருக்கு வந்தது தந்தியும், சில வேளை ஓர் இரும்புப்பெட்டியும்தான். உடலை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கார்கிலில்தான் வந்தது. மேஜர் சரவணன் மே இறுதியில் படாலிக்கில் விழுந்து, ஒரு மாதத்துக்கும் மேல் பனியில் கிடந்து, பிறகு திருச்சிக்கு வந்து சேர்ந்தபோது திரண்ட கூட்டத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

பெரியம்மாவுக்குத் திரும்புகிறேன். அவருடைய உண்மையான போர் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தொடங்கியது. படையில் சேரும்போது பையன் மணமாகாதவன். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் தாயின் பெயர் இருக்கும். மணமானபின் மனைவியின் பெயரைப் படைப்பிரிவின் ஆணையில் ஏற்றி, அது ஆவண அலுவலகத்துக்குப் போய்ப் பதிவாகி, பிறகு விடுவிப்புப் புத்தகத்திலும் ஓய்வூதிய ஆணையிலும் வரவேண்டும். அந்த ஆவண அலுவலகங்கள் படைப்பிரிவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன் என்பதால் நமக்கு அருகில். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக். பெரியம்மாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. தமிழனுக்கே வாயில் நுழையாத அந்த எழுத்து, இந்தி பேசும் எழுத்தர் ஒருவரின் கையால் ஆங்கிலத்துக்குப் போனபோது லகரமாகிவிட்டது. குடும்ப அட்டையில் ழகரம், படைப்பதிவில் லகரம். இரண்டு பெண்கள்! வங்கி ஏற்கவில்லை. இருவரும் ஒருவரே என்று வட்டாட்சியர் சான்று, வாரிசுச் சான்று, நோட்டரி முன் உறுதிமொழி, பிறகு அந்தத் தொலைதூர அலுவலகத்துக்குக் கடிதம். பதினான்கு மாதம் ஆயிற்று. தமிழாசிரியனாக ழகரத்தின் சிறப்பைப் பற்றி மேடையேறிப் பேசியவன் நான். அந்தப் பதினான்கு மாதமும் பெரியம்மா என்ன சாப்பிட்டார் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

இது ஒருவரின் கதை என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். படைவீரர் குடும்பங்கள் உள்ள எந்த ஊரிலும் போய்க் கேட்டுப்பாருங்கள். பெயர், பிறந்த தேதி, மணநாள் என்று ஏதோ ஒன்று பொருந்தாத ஒரு விதவையையாவது காட்டுவார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. ஈமச்சடங்குக்கு உதவித்தொகை உண்டு. ஓய்வூதியம் இல்லாமல் 65 வயது கடந்த ஹவில்தார் நிலை வரையிலானவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய அரசு தந்துவந்த மாத உதவி 4000 ரூபாயாக இருந்தது. 2025 அக்டோபரில் அதை 8000 ஆக உயர்த்தினார்கள். நல்ல செய்தி. எல்லாமே விண்ணப்பித்தால் கிடைப்பவை. விண்ணப்பிக்க வேண்டியவரோ, வாழ்நாளில் ஒருமுறையும் அந்தக் காகிதங்களைக் கையில் தொட்டிராத கிழவி.

அமெரிக்காவைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஓயாமல் போர் நடத்துகிற நாடு தன் முன்னாள் படைவீரர்களைப் புதைப்பதில் தேர்ச்சி பெற்றிருப்பதில் வியப்பில்லை. இருந்தாலும் அவர்களிடம் ஒன்றைக் கற்கலாம். உள்நாட்டுப்போர் காலத்தில் 1862-இல் தொடங்கிய தேசிய இடுகாடுகளில் தகுதியுள்ள படைவீரருக்கு இலவசமாக இடம், கல், பராமரிப்பு உண்டு. வாழ்க்கைத்துணைக்கும் அங்கேயே இடம் உண்டு. இறுதிக்கால வலிதணிப்புப் பராமரிப்பு அவர்களுடைய மருத்துவ உரிமையின் ஒரு பகுதி. நான் முக்கியமாகக் கருதுவது இவற்றையும் அல்ல. அங்கே 2016 முதல் ஒருவர் உயிரோடிருக்கும்போதே தன் அடக்க உரிமையை முன்கூட்டி உறுதிசெய்து வாங்கிக்கொள்ளலாம். சாவு வீட்டில் யாரும் பரணில் ஏறிக் காகிதம் தேடவேண்டியதில்லை.

நம் நாட்டில் இதற்குப் புதிய துறையோ பெரும் பணமோ தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிர்ச்சான்று தருகிறார்கள். நீ உயிரோடு இருக்கிறாயா என்று அரசு கேட்கும் ஒரே நாள் அது. அதே நாளில், நீ போனபின் வாங்கப்போகிறவரின் பெயர் இது, சரியா என்றும் கேட்டுவிட்டால் என்ன? பிழையிருந்தால் அவர் உயிரோடிருக்கும்போதே ஒரு கையெழுத்தில் தீரும். 2021-இல் ஸ்பர்ஷ் என்னும் கணினிவழி ஓய்வூதிய முறை வந்தபிறகு இதைச் செய்வது முன்னிலும் எளிது. அதுபோல், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வலிதணிப்புச் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். படைவீரர்களின் பட்டியல் ஒரு துறையிடம் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் செவிலியர் இன்னொரு துறையிடம் இருக்கிறார். பட்டியலை அவர் கையில் கொடுக்க யாராவது முன்வந்தால் போதும். பெரியப்பா பத்தாண்டு தாமதமாகச் செத்திருந்தால் அந்தச் செவிலியராவது வந்திருப்பார்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: நெசவாளி சாகவில்லையா, மலக்குழியில் இறங்குபவன் சாகவில்லையா, படைவீரனுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? நியாயமான கேள்வி. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி ஊர்மக்களைக் கொண்டே வளர்ந்த வலிதணிப்பு இயக்கம் யார், என்ன தொழில் என்று கேட்டதில்லை. அதுதான் சரியான வழி. வலிக்கு எந்தச் சலுகையும் கேட்கவில்லை நான். ஆனால் நெசவாளியின் காகிதங்கள் அவர் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கின்றன. பதினெட்டு வயதில் ஒருவனை ஊரைவிட்டு அழைத்துப்போய், அவன் மனைவியின் பெயரை ஆயிரம் மைலுக்கு அப்பால் வேற்றுமொழியில் எழுதிவைத்தது அரசு. அதைத் தேடிக் கொண்டுவந்து திருத்திக் கொடுக்கவேண்டியதும் அரசுதான். இதில் சலுகை எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியது. போர் முடிந்ததும் பெரும்பாலோரை ஓய்வூதியம் ஏதுமின்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு மருத்துவத் திட்டத்தின் கதவு திறந்தது 2019-இல். போர் முடிந்து 74 ஆண்டு. எஞ்சியவர்களில் இளையவருக்கே தொண்ணூறைக் கடந்த வயது. இப்போது அக்னிபத் வந்திருக்கிறது. 2022-இல் அறிவித்தபோது வகுத்த விதிகளின்படி, சேர்வோரில் நான்கில் மூவர் நான்கு ஆண்டில் வெளியேறுவார்கள். ஓய்வூதியம் இல்லை, இந்த மருத்துவத் திட்டம் இல்லை, முன்னாள் படைவீரர் என்னும் பெயரும் இல்லை. என் வகுப்பிலிருந்தே இரண்டு மாணவர்கள் போயிருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் திரும்பி வருவார்கள், வேறு வேலை தேடிக்கொள்வார்கள், அதுவரை சரி. 2070-இல் அவர்களில் ஒருவன் நோயில் விழும்போது எந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கும்?

பெரியம்மா அதன்பின் ஒன்பது ஆண்டு இருந்தார். ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச்சான்றுக்கு நான்தான் அழைத்துப்போவேன். வங்கிக்காரர் காகிதத்தை நீட்டியதும் கைநாட்டு வைக்கமாட்டார். முதலில் என் பக்கம் தள்ளுவார். "பேரு சரியா கீதான்னு பாத்துச் சொல்லுடா" என்பார். நான் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டிய பிறகே கட்டைவிரலை நீட்டுவார்.